துறைமுகமில்லாத கரையும் துபாசியின் நாட்குறிப்பும்

வரலாற்றுப் பாடம் படித்த எல்லாருக்கும் அடுத்தடுத்து வருகிற இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாக இருக்கும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சோழமண்டலக் கரையில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகம் செழித்தது. முதல் வாக்கியத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிக்குள் ஒரு மைல் அகலத்துக்குக் கடல் கிடக்கிறது. கப்பல் அந்தப் பக்கம், சரக்கு இந்தப் பக்கம், நடுவில் வரிசை வரிசையாக அலை. அதை யார் தாண்டினார்கள்? என்ன கூலிக்குத் தாண்டினார்கள்? கவிழ்ந்தபோது செத்தது யார்? பரீட்சையில் இந்தக் கேள்வி வராது.

புவியியல்தான் வணிகத்தைத் தீர்மானித்தது என்று பேசுவது ஆய்வரங்குகளில் மரியாதையான பேச்சாக இருக்கிறது. காற்று, நீரோட்டம், மணல், ஆறு என்று பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. கம்பெனி சுரண்டியது என்றாவது பழைய தேசிய வரலாறு சொல்லும். இவர்கள் பாரத்தைக் காற்றின்மேல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குப் புவியியலோடு சண்டையில்லை. கரையைப் பற்றி எழுதுகிறவர் கரையில் நின்ற ஆளையும் எழுத வேண்டும் என்பதுதான் என் வழக்கு. அதற்காக நான் எடுத்துக்கொள்கிற பிரதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. காலனிய காலத்துக் கடற்கரையைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய எழுத்து அது. அதைப் போற்றுகிறவர்கள் நிறைய. கரைப் பக்கமிருந்து படித்தவர்கள் குறைவு.

முதலில் கரையைப் பார்த்துவிடலாம். பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம்வரை கப்பல் ஒதுங்கி நிற்க ஒரு வளைகுடா கிடையாது. கோடு கிழித்த மாதிரி மணல். கடல் தரை மெதுவாகச் சரிவதால் கனத்த கப்பல் கரையை நெருங்க முடியாது. ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு நிற்கும். ஆறுகள் இருக்கின்றன. பாலாறு, பெண்ணையாறு, வெள்ளாறு, கொள்ளிடம், அரசலாறு. ஆனால் முகத்துவாரத்தை மணல் மேவிக்கொள்ளும். தோணி நுழையும், கப்பல் நுழையாது. காவிரி கொண்டுவருகிற வண்டல் வயலில் நெல்லாகிறது, ஆற்று வாயில் திட்டாகிறது. தஞ்சாவூர் நெல்லும் தூர்ந்துபோன முகத்துவாரமும் ஒரே மண்ணின் இரண்டு வேலை.

பிறகு காற்று. தென்மேற்குக் காற்று கப்பலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் புயலும் வந்துவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை இந்தக் கரையில் நிற்க ஐரோப்பியக் கப்பல்களுக்குப் பயம். திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ போய் ஒதுங்கிக்கொள்வார்கள். 1746 செப்டம்பரில் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே அக்டோபரிலும் கரையைவிட்டுக் கிளம்பவில்லை. அந்த மாதம் அடித்த புயலில் அவன் கப்பற்படை சிதறிச் சின்னாபின்னமாகியது.

இப்படிப்பட்ட கரையில்தான் 1639இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட ஒரு மணல்துண்டுக்கு அனுமதி வாங்கினான். துறைமுகம் இல்லையென்று அவன் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது? இந்த இடத்தில் துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் அவன் காட்டிய பெரிய காரணம். அதாவது கரை மோசம், விலை நல்ல விலை. கரையின் மோசத்தை விலையால் ஈடுகட்டலாம் என்பது அவன் கணக்கு. வணிகத்தைத் தீர்மானித்தது புவியியல் மட்டுமென்றால் கப்பல் இந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது.

மலிவு என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். நெசவு என்றதும் கைக்கோளர், தேவாங்கர், சேணியர் என்று பட்டியல் போடுகிறவர்கள் கோலியரை விட்டுவிடுகிறார்கள். பறையர்களிலேயே நெய்தவர்கள் கோலியர். முரட்டுத் துணி அவர்கள் கையில்தான் இருந்தது. துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேர், கடலோர மணலில் விளைகிற செடி. அதன் மெல்லிய வேரை மணலைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நெய்கிறவர் சாப்பிட்ட அரிசி மலிவாக இருந்தால்தான் துணி மலிவாக இருக்கும். அந்த அரிசியை விளைவித்த பண்ணையாளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றும் நீரோட்டமும் இந்த மலிவை உண்டாக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து போன நீலச் சாயத் துணிக்கு வணிகர் வைத்த பேர் கினித் துணி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அந்தத் துணி போனது. அங்கே அதைக் கொடுத்து அடிமைகளை வாங்கினார்கள், பிற்காலத்தில் செனகலில் கோந்து வாங்கினார்கள். இந்தக் கரையில் மலிவான கையால் செய்த துணி அந்தக் கரையில் மனித விலையாக மாறியது. சேரிக்கும் செனகலுக்கும் நடுவில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது. நமது கருத்தரங்குகளில் கறுப்பு இலக்கியம் பேசுகிற தோழர்கள் இந்த நூலையும் கொஞ்சம் பிடித்து இழுக்கலாம்.

சரி, துணி மூட்டை கடற்கரைக்கு வந்துவிட்டது. இனிமேல் அலை. இந்த அலைக்கென்று ஒரு படகு இருந்தது. ஆங்கிலேயர் மசூலா என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் செலேங் என்றார்கள். அது நம்ம சலங்கு. அதைச் செய்த மூளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. ஆணி கிடையாது. மாம்பலகைகளைத் துளை போட்டுக் கயிற்றுப் புரியால் தைத்திருப்பார்கள். உள்ளே விலாக்கட்டைகளும் கிடையாது. ஐரோப்பியக் கப்பலின் படகு இந்த அலையில் மாட்டி மணலில் அறைந்தால் உடைந்து சிதறிவிடும். சலங்கு வளைந்து கொடுக்கும், அடிக்கும் அலைக்கு உடம்பைத் தளர்த்திக்கொள்ளும். எட்டுப் பேர் பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள். நீண்ட கழியின் நுனியில் சின்னப் பலகை கட்டியிருக்கும், அதுதான் துடுப்பு. பின்னால் ஒருவர் நின்று திருப்புவார். அலை எழுந்து வரும்போது நிறுத்தி, உடைந்த மறுகணம் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். இந்த எண்ணிக்கை தப்பினால் படகு குறுக்கே திரும்பும். திரும்பினால் கவிழும். கூடவே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள், விழுந்தவர்களைத் தூக்க.

அலையைக் கடந்து கரை தட்டியதும் அடுத்த கை. வெள்ளைக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் பூட்ஸ் நனையாமல் தோளில் தூக்கி இறக்க வேண்டும். வெள்ளிப் பெட்டி, செம்பு, சாராயப் பீப்பாய் எல்லாவற்றையும் மணலில் சுமந்து கிடங்கு சேர்க்க வேண்டும். தண்ணீரில் நின்றவர்கள் மீனவர்கள். மணலில் சுமந்த கூலிக் கூட்டத்தில், கிடங்குகளில், வெள்ளைக்காரன் வீட்டுக் குதிரை லாயத்தில், சமையல்கட்டில் சேரி ஆட்கள் இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டுச் சென்னை வரைபடங்களில் பறச்சேரி என்று தனியாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். துறைமுகம் இல்லாத பட்டணத்துக்குத் துறைமுகமாக இருந்தவர்கள் இவர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து ஆங்கில அகராதிக்குள் ஏறிய சொற்களைப் பாருங்கள். கட்டுமரம் போயிருக்கிறது. பறையர் என்ற சொல் ஒதுக்கப்பட்டவன் என்கிற அர்த்தத்தில் போயிருக்கிறது. கூலி என்ற சொல்லுக்கும் தமிழ் மூலம் சொல்வார்கள். சரக்கு எது, சுமந்தவர் யார் என்பதை அகராதி ஒளிக்காமல் சொல்லிவிட்டது. வரலாற்றுப் பேராசிரியர்கள்தான் ஒளிக்கிறார்கள்.

ஐரோப்பியப் பயணிகளின் புத்தகங்களில் இந்த அலைக் காட்சி தவறாமல் வரும். பயம், வாந்தி, கறுத்த உடம்புகளின் கூச்சல், பிறகு கேலி. நடு அலையில் படகை நிறுத்திக் கூடுதல் காசு கேட்பார்கள் என்று ஒரு புகாரும் அடிக்கடி வரும். படிக்கிற நமக்கும் அவர்களோடு சேர்ந்து கோபம் வர வேண்டும் என்பது எழுதியவர்களின் எதிர்பார்ப்பு. எனக்கு வரவில்லை. கரையில் நின்று கேட்டால் கசையடி கிடைக்கும். கப்பலோரம் நின்று கேட்டால் அடுத்த படகைக் கூப்பிடுவான். பேரம் பேச அந்த மனிதனுக்குப் பூமியிலேயே ஓரிடம்தான் இருந்தது, அது இரண்டு அலைக்கு நடுவில். புவியியல் வணிகத்துக்கு என்ன செய்தது என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும்.

இப்போது நாட்குறிப்புக்கு வருகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். பாண்டிச்சேரி போய், அப்பா வழியில் வணிகத்திலும் பிரெஞ்சுக் கம்பெனிச் சேவகத்திலும் வளர்ந்து, டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாசி ஆனவர். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுகிறதற்குச் சில நாள் முன்பு அவர் சாகிற காலம்வரை அந்த எழுத்து ஓடுகிறது. 1846இல் கலுவா மோம்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904லிருந்து 1928வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது. தமிழ் மூலத்துக்கு 1948வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரபஞ்சன் இதை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாதமி பரிசு.

அந்த உரைநடையின்மேல் எனக்கு ஆசை உண்டு, மறைக்கவில்லை. பண்டிதத் தமிழ் செய்யாத வேலையை அது செய்கிறது. வாய்ப்பேச்சு அப்படியே இறங்கியிருக்கிறது. கப்பல் வந்த நேரம், பீரங்கி போட்ட எண்ணிக்கை, யார் எதிர்கொண்டு போனார், என்ன சரக்கு, கவர்னர் முகம் எப்படி இருந்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கடல் என்றால் அதில் ஒரு வாசல் மாதிரி. கப்பல் தெரிகிறது, கொடி ஏறுகிறது, குண்டு முழங்குகிறது, துரை இறங்குகிறார். அவருக்குச் சொந்தமாகவே ஆனந்தப் புரவி என்று ஒரு கப்பல் இருந்தது. புரவி! கடலைக் குதிரையேறிப் போகிற வழியாகப் பார்க்கிற மனசு அது. குதிரைக்கு லாயக்காரன் தேவைப்படுகிற மாதிரி இந்தப் புரவிக்கும் சலங்குக்காரன் தேவைப்பட்டான். அவன் பெயரைத் தேடிப் பார்க்கிறேன். கப்பித்தான்கள் பெயர் கிடைக்கிறது, கப்பல்கள் பெயர் கிடைக்கிறது. துடுப்புப் போட்டவன் பெயர் கிடைப்பது அரிது. துபாசிக்குக் கண் இல்லாமல் இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்வரை வேலை செய்கிறவன் அவர் கண்ணில் தண்ணீரோடு தண்ணீர்.

எப்போது தெரிகிறோம்? வேலை நிற்கிறபோது, ஒழுங்கு கெடுகிறபோது. துபாசியின் எழுத்துக்கும் கம்பெனிக் கணக்கப்பிள்ளையின் எழுத்துக்கும் இதில் வித்தியாசமில்லை. சென்னைப் பதிவுகளில் 1680ஐ எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சித்திரம் எழுதுகிறவர்கள் கம்பெனியோடு முறைத்துக்கொண்டு சாந்தோமில் போய் உட்கார்ந்தார்கள். படகுக்காரர், கட்டுமரக்காரர், கூலிகள், சமையல்காரர் எல்லாரையும் வேலையை விட்டுவிட்டு வரும்படி கூப்பிட்டார்கள். உடனே இத்தனை பேரும் காகிதத்தில் ஏறிவிடுகிறார்கள். 1707இல் வலங்கை இடங்கைச் சண்டை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்பது வழக்கு. வலங்கைப் பக்கத்தவர்கள் கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள், அதில் படகோட்டிகளும் உண்டு. கவர்னர் தாமஸ் பிட் இறங்கி வந்து பேச வேண்டியிருந்தது. ஏன்? அவன் கோட்டையில் பீரங்கி இருந்தது, கஜானா இருந்தது, அலையைத் தாண்டத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. நல்ல துறைமுகம் இருந்திருந்தால் கப்பலைச் சுவரோரம் கட்டிவிட்டு இவர்களைச் சட்டை செய்யாமல் இருந்திருப்பான். கரையின் குறைதான் உழைத்தவர் கையில் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தது. ஆனால் அந்தப் பிடிமானம் வலங்கை இடங்கை என்று சாதிக் கட்டுக்குள்ளேயே செலவாகிப்போனது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாட்குறிப்பில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஒன்று 1743. பிரெஞ்சுத் தீவுகளுக்கு அடிமைகள் அனுப்புவதற்காக ஆட்களை ஏமாற்றிக் கடத்திக்கொண்டுபோய் அடைத்துவைத்த விவகாரம் வெளியே வந்ததைப் பிள்ளை எழுதுகிறார். தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, ராத்திரி வேளையில் படகேற்றியிருக்கிறார்கள். இரண்டாவது 1745. பாண்டிச்சேரி சம்பா கோயிலுக்குள் பறைக் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் தூண்டிக் கொடுக்க, நம்ம ஆட்கள் போய் நியாயம் கேட்கிறார்கள், சுவர் இடிக்கப்படுகிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போகிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதுகிற ஆய்வாளர்கள் முதலாவதை அடிமை வணிகம் என்ற தலைப்பில் வைப்பார்கள், இரண்டாவதைச் சமயம் என்ற தலைப்பில். நமக்கு இரண்டும் ஒரே ஊர், இரண்டு வருஷ இடைவெளி. கோயிலுக்குள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்த முடிந்ததோ, அந்த மாதிரி ஆளைத்தான் ராத்திரியில் படகேற்றவும் முடியும். காணாமல் போனால் தேடிக்கொண்டு அதிகாரியிடம் போய்ப் பேச நாதியில்லாத ஆள். இதைப் பதிவு செய்த அளவில் பிள்ளைக்கு நன்றி. அந்தப் பக்கங்கள் இல்லையென்றால் அந்தக் கறுப்புத் துணியும் நமக்குத் தெரியாது.

1743 புதிதுமல்ல. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரன் ஆள் வாங்கினான். மழை பொய்த்தால் துணி குறையும், ஆள் மலிவாகும். சரக்கு மாறுமே ஒழியக் கப்பல் காலியாகத் திரும்பாது. அடுத்த நூற்றாண்டில் இது முழுத் தொழிலாகிவிட்டது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. 1853இல் ஒரேலி என்கிற கப்பல் பாண்டிச்சேரிப் பக்கத்து ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது, 1854இல் குவாதலூப்பில் இறக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நீராவிக் கப்பல். பாக் நீரிணை ஆழமில்லாத கடல் என்பதால் பெரிய கப்பலுக்கு அது தடை, தோணிக்கு அது வாய்க்கால். தொண்டியிலிருந்தும் அம்மாபட்டினத்திலிருந்தும் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழி நடந்து கண்டி மலைக்குக் காப்பி பறிக்கப் போனார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. பிராமணனுக்குக் கடல் தாண்டினால் தீட்டு. பண்ணையாளுக்குத் தீட்டு கரையிலேயே இருந்தது, தாண்டினால் ஒருவேளை விடலாம். போனவர்களில் பலர் தப்பித்து ஓடியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆள் போகிறதே என்று மிராசுதாரர்கள் அழுததே அதற்குச் சாட்சி. போய்ச் சேர்ந்த இடத்தில் கங்காணி காத்திருந்தான் என்பது வேறு கதை.

இங்கே ஒரு விஷயத்தைப் பச்சையாகப் பேசியாக வேண்டும். படகுக்காரர், சேரிக்காரர் என்று நான் சேர்த்துச் சேர்த்து எழுதுகிறேன். கரையில் இது சேர்ந்து இருந்ததில்லை. எனக்குச் சொந்த ஊர் மரக்காணத்துப் பக்கம். உப்பளத்து ஊர். உப்பை 1805இல் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் பாத்தியில் இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். கடல் அரைக் கூப்பிடு தூரம். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் கட்டுமரம் கிடையாது. எங்க ஆயா சொல்லும்: "கடலு குப்பத்தாளுது, கரை கவர்மெண்ட்டுது, உப்பு காண்ட்ராக்டருது. கால்ல இருக்கிற புண்ணு மட்டுந்தான்டா நம்மளுது." கருவாடு வாங்கத் தலைக்கூடையோடு குப்பத்துக்குப் போகிற எங்கள் பெண்கள் வாசலுக்கு வெளியிலேதான் நின்றார்கள். காற்றும் உப்பும் எல்லாருக்கும் ஒன்று என்று கடலோர வாழ்க்கையைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் அந்த வாசலை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இதைத் திறந்து காட்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் பல இடங்களில் நிவாரண முகாமிலேயே தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். படகு, வலை இழந்தவர் இழப்புக்குக் கணக்கு இருந்தது. கூலி இழந்தவருக்கு, உப்பேறிய நிலத்தில் வேலை போனவருக்குக் கணக்கு எழுதப் பத்தி இல்லை. ஆனால் மணலுக்குள் அழுகிக் கிடந்த பிணங்களை எடுக்க வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளை லாரியில் கொண்டுவந்தார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் எழுதத் தேவையில்லை. அலைக்கும் கரைக்கும் நடுவிலே கிடப்பதைச் சுமக்க 300 வருஷத்துக்கு முன்னால் யாரைக் கூப்பிட்டார்களோ அவர்களையே கூப்பிட்டார்கள்.

குப்பத்துச் சகோதரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நழுவுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1923இல் இந்தியாவில் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கரையிலிருந்து அப்படி ஒரு குரலும் வந்தது. அந்தக் குரல் ஏன் வாசல்வரை மட்டுமே வந்தது என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, துறைமுகம் கட்டிய கதை. புவியியல் வணிகத்தை உருவாக்கியது என்கிறவர்கள் இந்த இடத்தில் தலைகீழாக நின்று பார்க்க வேண்டும். அலையையும் படகோட்டியின் பேரத்தையும் வெள்ளைக்காரனுக்குச் சகிக்க முடியவில்லை. 1860களின் தொடக்கத்தில் சென்னையில் கடலுக்குள் இரும்புக் கால் ஊன்றிப் பாலம் போட்டான். 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அதே கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பஞ்சத்தில் வந்து விழுந்த கூலிகளைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் கால்வாய் வெட்டிப் பக்கிங்காம் என்று பேர் வைத்தார்கள். திறந்த கடலில் கரையோரம் போவது ஆபத்து என்பதால் கரைக்கு இணையாக உள்ளே ஒரு கடல்வழி. வெட்டியவன் வயிற்றில் அரைப்படி கஞ்சி. 1881 நவம்பரில் புயல் வந்து துறைமுகச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். பிறகு கிழக்குப் பார்த்த வாசலை மூடி வடகிழக்கில் திறந்தார்கள்.

இந்தக் கரையில் அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்சுவர் நின்றதும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கடித்தது. தெற்கே சேர்ந்த மணல்தான் இன்றைக்கு உலகத்துக்கே காட்டுகிற அகலமான மெரினா. அந்தப் பேரை 1880களில் கிராண்ட் டஃப் வைத்தார். வடக்கே கடித்த இடம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். ஒரே சுவர் ஒரு பக்கத்துக்கு உலாவக் கடற்கரை கொடுத்தது, இன்னொரு பக்கத்துக்கு வீட்டுக்குள் அலை கொடுத்தது. அந்த இன்னொரு பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

துபாசியின் பாண்டிச்சேரியிலும் இதே கதைதான், நம் காலத்தில். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென்று கல்சுவர் நீட்டினார்கள். நகரத்துக் கடற்கரை மணல் கரைந்து காணாமல் போனது. கல்லைக் கொட்டிக் கொட்டி அணை போட்டார்கள். கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று தாண்டித் தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்வரை போனது. பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் நடுவில் இடிந்து கடலில் விழுந்தது. கடற்கரைச் சாலையில் டூப்ளேக்குச் சிலை இருக்கிறது. துபாசிக்கு அவர் வீடே நினைவுச் சின்னம். சலங்குக்காரனுக்கு ஒன்றும் இல்லை. அவன் படகில் ஆணிகூடக் கிடையாதே, அகழ்ந்து எடுப்பதற்கு. மாம்பலகையும் கயிறும் மக்கிப்போய்விட்டன. நாட்குறிப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது. இந்த வருஷம் அதைப் பாடமாக எடுத்திருக்கிற மாணவர்கள் 1743 ஜூன் பக்கங்களையும் 1745 அக்டோபர் பக்கங்களையும் பிரதியெடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துப் பார்க்கட்டும். பக்கத்துச் சேரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளட்டும்.